பனி பெய்யாத கண்டியில் பனிக்கால டயர்

கார்த்திகை பிறந்துவிட்டால் கனடாவிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சுக்களில் ஒரு செய்தி தவறாது இடம்பெறும். "காருக்கு விண்டர் டயர் மாற்றியாயிற்று" என்பதே அச்செய்தி. ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் ஒஸ்லோவிலும் குடியேறியுள்ள நம் உறவினருக்கு இஃது ஆண்டுதோறும் வரும் ஒரு கடமை; மாரி தொடங்குமுன் நாம் இங்கே கூரையேறி ஓடு பார்ப்பது போன்றது. கியூபெக் மாகாணத்திலோ 2008ஆம் ஆண்டு முதல் இது சட்டமாகவே இருந்து வருகின்றது. டிசம்பர் முதலாந் திகதியிலிருந்து மார்ச் 15 வரை அம்மாகாணத்துக் கார் ஒவ்வொன்றும் பனிக்கால டயருடனேயே வீதியில் இறங்குதல் வேண்டும்.

கண்டியிலிருந்து இதனைக் கேட்கும் நாம், "நமக்கென்ன, இங்கே பனியா பெய்கின்றது?" என்று கூறி வேறு பேச்சுக்குப் போய்விடுகின்றோம். ஆனால் இரு காரணங்களால் அப்பேச்சைச் சற்றே நீட்டிக் கேட்டல் நன்று. முதலாவது, நாம் வேண்டாவிடினும் அந்தப் பனிக்கால டயர் கப்பலேறிக் கண்டிக்கு வந்து சேர்கின்றது. இரண்டாவது, பருவம் மாறுமுன் சில்லைக் கவனிக்கும் அவர்கள் பழக்கத்தின் கருத்து, மலைநாட்டில் மழையோடு வாழும் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டிய ஒன்று.

பனிக்கால டயர் என்பது யாது? அதன் பிறப்பிடம் பின்லாந்து. 1934இல் அந்நாட்டு இறப்பர்த் தொழிற்சாலையொன்று பனி படிந்த வீதிகளில் ஓடும் பார வண்டிகளுக்கென ஒரு டயரைச் செய்தது. 1936இல் சிறு கார்களுக்கும் செய்தது. அந்நிறுவனமே இன்று நோக்கியன் டயர்ஸ் எனப் பெயர் பெற்றிருக்கின்றது. குளிரில் சாதாரண டயரின் இறப்பர் கல்லைப்போல் இறுகிவிடும். வெப்பம் ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது இவ்விறுக்கம் தொல்லை தரத் தொடங்கும் என்பது பொதுக் கணக்கு. பனிக்கால டயரின் இறப்பரோ அக்குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும். அதன் முகத்திலே ஆழமான தவாளிப்புக்கள் ஓடும். அத்தவாளிப்புக்களுக்கு இடையேயுள்ள கட்டிகளில், கத்தியாற் கீறியவை போன்ற நுண்கீற்றுக்கள் பல காணப்படும். இக்கீற்றுக்களே பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

முற்காலத்தில் டயரிலே சிறு இரும்பாணிகளையும் பதித்து ஓட்டினர். நோர்வேயிலும் பின்லாந்திலும் இன்றும் அவ்வழக்கம் உண்டு. யப்பானில் அது வேறொரு கேட்டை விளைத்தது. 1980களில் சென்டாய் முதலிய நகரங்களில் இவ்வாணிகள் தார் வீதிகளைச் சுரண்டிக் கிளப்பிய தூசி, மக்கள் மூச்சுவிட முடியாத அளவுக்குப் பெருகியது. எனவே 1990இல் யப்பான் சட்டம் இயற்றி ஆணி டயரை விலக்கியது. அதன்பின் அங்கே செழித்த வகைதான் ஆணியில்லாப் பனிக்கால டயர். அதனை அவர்கள் 'ஸ்டட்லெஸ்' என்பர். இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்டி டயர்க்கடையில் உதவும்.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியையும் கூறாமலிருக்க முடியவில்லை. குளிரில் நெகிழ்வாய் இருப்பதில் செயற்கை இறப்பரைவிட மரத்திலிருந்து வடியும் இயற்கை இறப்பருக்கு ஆற்றல் அதிகம். ஆதலால் பனிக்கால டயரின் முகத்தில் இயற்கை இறப்பர் கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றது. அவ்விறப்பர் ஆசியாவுக்கு வந்த கதையிலே நம் பேராதனைப் பூங்காவுக்கும் பங்குண்டு. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். அங்கு முளைத்த கன்றுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவற்றைத் தாழ்நிலத்து வெப்பம் வேண்டிக் கம்பஹாவையடுத்த ஹெனரத்கொடப் பூங்காவில் வளர்க்கச் செய்தார். இன்று கேகாலை மாவட்டத்துத் தோட்டமொன்றில் வடிக்கப்பட்ட பால், பின்லாந்திலோ யப்பானிலோ பனிக்கால டயராகி, பழைய காரொன்றின் சில்லில் ஏறி, கேகாலை வழியாகவே கண்டிக்கு வந்து சேரவும் கூடும்!

யப்பான் டயர் கண்டிக்கு வருதல்

யப்பானில் ஓடிய கார்களே நம் நாட்டுக் குடும்பங்கள் பெரும்பாலும் வாங்கும் கார்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதன்பின், அக்கார்கள் மறுபடியும் துறைமுகத்தில் வந்திறங்குகின்றன. யப்பானின் வடபகுதி கடும் பனி பெய்யும் நாடு. அங்கு ஓடிய கார் சில வேளைகளில் பனிக்கால டயருடனேயே வந்துவிடும். வாங்குபவர் அதனைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினால், கழற்றியது கைமாறி, பழைய டயர் விற்கும் கடையிலே மற்றொரு குடும்பத்துக்காகக் காத்திருக்கும்.

அக்கடை வாயிலில் நிற்கும் குடும்பத் தலைவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஒருபுறம், வீட்டுக் கடன் ஒருபுறம். புதிய டயர் நான்கின் விலையைக் கேட்டுவிட்டுத் திகைத்து நிற்கின்றார். பக்கத்தில் ஒரு பழைய டயர் இருக்கின்றது. தவாளிப்பு ஆழமாயிருக்கின்றது, இறப்பரை நகத்தால் அழுத்தினால் மெத்தென்று அழுந்துகின்றது, விலையோ பாதிக்கும் குறைவு. "யப்பான் சாமான், இன்னும் மூன்று வருடம் ஓடும்" என்கின்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்கிறார் என்று நாம் கூறமாட்டோம். அதன் குணம் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம்.

அந்த மெத்தென்ற தன்மையே கண்டியில் அதன் குற்றம். கண்டியின் சராசரி வெப்பம் ஏறக்குறைய 24 பாகை. வெயிலேறிய நண்பகலில் காபெட் வீதியில் வெறுங்காலை ஊன்ற முடியாது. அவ்வெப்பத்தில் பனிக்கால இறப்பர் வேண்டிய அளவுக்கு மேல் மென்மையாகிவிடும். பிறேக்கை அழுத்தும்போது அதன் முகத்துக் கட்டிகள் நிமிர்ந்து நின்று வீதியைப் பற்றுவதற்குப் பதிலாக மடங்கிச் சாய்கின்றன. கார் நிற்க எடுக்கும் தூரம், உலர்ந்த வீதியிலும் ஈர வீதியிலும், நீண்டுவிடுகின்றது. வளைவிலே திருப்பும்போது வண்டி ஒரு கணம் தயங்கித் தாமதித்தே திரும்பும். தேய்வும் விரைவாயிருக்கும். இன்னொன்றும் உண்டு. அம்மென்மை நிலையானதன்று, சில ஆண்டுகளில் இறப்பர் இறுகிவிடும். அதனால்தான் யப்பானியர் தவாளிப்பு எஞ்சியிருக்கும்போதே அதனைக் கழற்றி விடுகின்றனர். கண்ணுக்குப் புதிதாய்த் தோன்றும் அவ்வாழத்தின் காரணம் இதுவே.

அதனை அடையாளங் காண்பது அரிதன்று. டயரின் பக்கச் சுவரில் ஆங்கில எழுத்தில் 'ஸ்டட்லெஸ்' என்று பொறித்திருக்கும். மூன்று சிகரங்களையுடைய மலையும் அதனுள்ளே பனிப்பூவும் வரைந்த முத்திரையும் பல டயர்களில் இருக்கும். அது பனியிலே சோதித்துத் தேறிய டயர் என்பதன் சான்று. அளவைக் குறிக்கும் எண்களின் இறுதியில் நிற்கும் ஆங்கில எழுத்தையும் நோக்குக. யப்பானின் பனிக்கால டயர்களில் அது பெரும்பாலும் 'கியூ' என்றிருக்கும். மணிக்கு 160 கிலோமீற்றர் வேகம் வரை அது தாங்கும் என்பது பொருள். நம் மலைவீதியில் அவ்வேகம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். வேண்டியதில்லைதான், ஆனால் அவ்வெழுத்து டயரின் பிறப்பைக் காட்டிக் கொடுத்துவிடும்.

நுவரெலியா அன்பர்கள் இங்கே ஒரு தடை எழுப்பலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரில் ஜனவரி, பெப்ரவரி மாதத்து விடியற்காலைகளில் புல்லின்மேல் வெண்பனி உறைவது உண்மையே. ஆனால் அது புல்லிலும் மரக்கறிப் பாத்தியிலும் உறையும் பனி; வெயில் ஏறியதும் கரைந்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் மென் டயரைப் பூட்டிக்கொண்டு இறம்பொடைக் கணவாயில் இறங்குவது, ஒரு நாள் தும்மலுக்காக வருடம் முழுவதும் கம்பளிக் குல்லாய் அணிவதற்கு ஒப்பாகும்.

நம் குளிர்காலம் மழையே

ஆகவே நமக்கு வேண்டியது மழைக்காலத்துக்கு ஏற்ற டயர். கண்டியைத் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நனைக்கின்றது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியோடு கொட்டும் மழை பெய்கின்றது. அதன்பின் வடகீழ்ப் பருவமழை. ஆண்டில் உலர்ந்த மாதம் எது என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. இதில் அஞ்சத்தக்கது பெருமழையன்று. பல நாள் வெயிலுக்குப்பின் விழும் முதற்றூறலே அபாயமானது. வீதியிலே படிந்த எண்ணெயும் தூசியும் அத்தூறலோடு குழைந்து சவர்க்காரம் பூசியது போலாகிவிடும். மழை வலுத்துக் கழுவிச் சென்றபின் நிலைமை சற்றுத் தேறும். ஹந்தானைச் சாரலிலும் கலஹா, தெல்தோட்டை வீதிகளிலும் இவற்றோடு உதிர்ந்த இலையும் பாசியும் சேர்ந்துகொள்கின்றன.

வீதிகளின் அமைப்பும் நாம் அறிந்ததே. கொழும்பிலிருந்து வரும் வீதி 1820களில் வெட்டப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் மனத்திற்கொண்டு அவர்கள் வகுத்த வளைவுகளிலேயே இன்று பஸ் வண்டிகளும் பார வண்டிகளும் நம் சிறு கார்களும் இறங்குகின்றன. மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. வீதி திருத்தத்தால் வளைவின் எண்ணிக்கை குறைந்ததாயினும், சரிவு எங்கும் போய்விடவில்லை.

சரிவும் ஈரமும் தேய்ந்த டயரும் ஒன்றுசேர்ந்தால் என்ன நேரும் என்பதை உயர்வகுப்பு மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் காரை எடுத்துக்கொள்க. உலர்ந்த வீதியில் டயருக்கும் தாருக்கும் இடையேயுள்ள உராய்வுக் குணகத்தை 0.8 எனக் கொண்டால், பிறேக் பிடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 12 மீற்றரில் கார் நின்றுவிடும். ஈரவீதியில் நல்ல டயருக்கு 0.5 எனக் கொள்வோம். தூரம் 20 மீற்றர். தேய்ந்து வழுவழுப்பான டயருக்கு 0.3 எனக் கொண்டால் 33 மீற்றர். இவையெல்லாம் சமவீதியின் கணக்கு. இனி நூறு அடிக்கு எட்டு அடி இறங்கும் சரிவிலே அதே காரை விடுக. நல்ல டயருக்கு 20 மீற்றர் 23 ஆகின்றது, அது பெரிதன்று. தேய்ந்த டயருக்கோ 33 மீற்றர் 45 ஆகிவிடுகின்றது! உராய்விலிருந்து சரிவைக் கழிக்க வேண்டியிருப்பதால், குறைவாய் இருப்பவனிடமிருந்தே அதிகம் பறிபோகின்றது. கடன் வட்டியைப் போன்றதுதான் இதுவும். சாரதி அபாயத்தைக் கண்டு காலைத் தூக்கிப் பிறேக்கில் வைக்க ஒரு வினாடி சென்றால், அதற்குள் 14 மீற்றர் கடந்துவிடும். மேற்கூறிய எல்லாவற்றோடும் அதனையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அந்த 23 மீற்றருக்கும் 45 மீற்றருக்கும் இடையிலே பள்ளிவிட்டு வீதியைக் கடக்கும் ஒரு குழந்தை நிற்கலாம்.

இவ்வளவையும் அறிந்தும் டயர் வாங்கும்போது நாம் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும்?" என்பதே. சிக்கனம் நம் குலவழக்கம். அதனை நாம் குறை கூறவில்லை. ஆனால் நீண்ட நாள் தேயாத டயர் பெரும்பாலும் கடினமான இறப்பராலானது; கடினமான இறப்பர் ஈரவீதியைப் பற்றுவதில் பெரும்பாலும் பின்தங்கும். ஈரப்பிடிப்பு எப்படி என்பதையே முதலிற் கேட்டல் வேண்டும். ஓட்டக் கணக்கை அடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு விடை கடைக்காரர் வாயில் இல்லாவிடினும் டயரின் சுவரில் உண்டு. அமெரிக்கச் சந்தைக்கும் ஏற்றவாறு செய்த டயர்களில் 'டிரெட்வெயர்' என்று ஓர் எண்ணும், 'டிராக்ஷன்' என்று ஓர் எழுத்தும், 'டெம்பரேச்சர்' என்று மற்றோர் எழுத்தும் பொறித்திருக்கும். எண் தேய்வைக் குறிக்கும். அது பெருக ஆயுள் பெருகும். டிராக்ஷன் என்பது ஈரவீதியில் நேராகச் சென்று நிற்கும் ஆற்றல். இரட்டை ஏ முதன்மையானது, அடுத்து ஏ, பின்னர் பி, சி. மலைநாட்டுக் குடும்பத்துக்கு ஏ என்பதற்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது எம் கருத்து. ஐரோப்பியச் சந்தை டயரில் ஒட்டியுள்ள தாளில், மழைமேகம் வரைந்த இடத்தில் ஏ முதல் ஈ வரையான எழுத்தொன்று இருக்கும். அங்குள்ள பழைய வரிசைப்படி, 80 கிலோமீற்றர் வேகத்தில் ஏ வகைக்கும் எஃப் வகைக்கும் நிற்கும் தூரத்தில் 18 மீற்றர் வரை வேறுபாடு காணப்பட்டது. யப்பான் டயர்களிலும் 2010 முதல் இதுபோன்ற ஒரு தரவரிசை உண்டு. 1992இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் டயர் முகத்து இறப்பரிலே கரித்தூளின் பெரும்பகுதிக்கு ஈடாகச் சிலிக்காவைச் சேர்த்து விற்கத் தொடங்கியதன்பின், ஈரப்பிடிப்பும் பெற்றோற் சிக்கனமும் ஒருங்கே கிடைக்கும் டயர்கள் பல வந்துள்ளன. சிலிக்கா சேர்ந்ததா என்று கேட்டு வாங்குதல் நன்று.

அளவு எண்களையும் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அவர்கள் நம்மைவிட விரைவாகப் பிடித்துக்கொள்வர். நம் வீதிகளில் மிகுதியாகக் காணப்படும் யப்பானிய வாகன் ஆர் காரின் டயரில் 155/65 ஆர் 14 75 எஸ் என்றிருக்கக் காணலாம். 155 மில்லிமீற்றர் அகலம். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் 65 வீதம். ஆர் என்பது ரேடியல் அமைப்பு. றிம்மின் விட்டம் 14 அங்குலம். 75 என்பது ஒரு டயர் 387 கிலோகிராம் சுமக்கும் என்பதன் குறி. எஸ் என்பது 180 கிலோமீற்றர் வேகம். காருக்கு விதித்த சுமை எண்ணிற் குறைந்த டயரை, விலை மலிவென்று வாங்குதல் கூடாது. குடும்பம் முழுவதும் ஏறி, பின்னாலே பொங்கற் பானையும் அரிசி மூட்டையும் ஏற்றி மாத்தளை அம்மன் கோவிலுக்குப் போகும் நாளில்தான் அவ்வெண்ணின் அருமை தெரியும்.

பக்கச் சுவரில் முட்டை வடிவக் கட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் பிறந்த டயர் அது. ஓடாமல் கிடந்தாலும் டயர் முதுமையடையும். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் இறப்பரை இறுக்கி வெடிக்கச் செய்யும். பத்தாண்டு கடந்த டயரை, பார்வைக்கு எப்படியிருந்தாலும், நீக்கிவிடும்படி டயர் செய்வோரே கூறுகின்றனர். மலைநாட்டின் தேவைக்கு ஆறு ஏழு ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

தவாளிப்பின் ஆழத்தை அளக்க மாணவரின் கொம்பாஸ் பெட்டியிலுள்ள அடிமட்டம் போதும். ஐரோப்பிய நாடுகளில் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் சட்டவிரோதம். தவாளிப்பினுள் அவ்வளவு உயரத்தில் சிறு மேடுகளை வைத்தே வார்த்திருப்பர். டயர் தேய்ந்து அம்மேட்டோடு சமனானால் அதன் காலம் முடிந்தது. ஆனால் ஈரவீதியில் அந்த எல்லை வரை காத்திருத்தல் ஆகாது. தண்ணீரை வாங்கி வெளியேற்றுவது அத்தவாளிப்பே. 3 மில்லிமீற்றருக்கு இறங்கியதும் மாற்றுவதற்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும். நடுவில் மட்டுமன்றி, உட்புற விளிம்பிலும் அளந்து பார்க்க வேண்டும். சில்லின் கோணம் பிழைத்த காரில் அவ்விளிம்பு கண்ணுக்குத் தெரியாமலே மொட்டையாகிவிடும்.

புதுக் கார் வாங்கிய அன்று கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் வாயிலில் நிறுத்தி, நான்கு சில்லின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகின்றோம். நல்ல வழக்கந்தான். ஆனால் வீட்டிலுள்ளோர் அனைவரும் குனிந்து டயரைப் பார்க்கும் ஒரே நாளாக அது அமைந்துவிடுவதுதான் வருத்தத்துக்குரியது!

காற்று

செலவே இல்லாத பரிகாரம் ஒன்றுண்டென்றால் அது காற்றமுக்கத்தைப் பார்ப்பது. சாரதியின் கதவைத் திறந்தால் தூணிலே ஒட்டிய தாளில் எத்தனை இறாத்தல் என்று எழுதியிருக்கும். டயர் சூடேறுமுன், காலையிலேயே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் நாசா நிலையத்தில் வோல்ற்றர் ஹோர்ன் என்னும் ஆராய்ச்சியாளர் 1960களில் விமானச் சில்லுகளை வைத்து ஒரு விதி கண்டார். தேங்கிய நீரின்மேல் வழுவழுப்பான டயர் எந்த வேகத்தில் தரையைவிட்டு மிதக்கத் தொடங்கும் என்பதே அது. சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற காற்றமுக்கத்தின் வர்க்கமூலத்தை 10.35ஆற் பெருக்கினால், அவ்வேகம் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும். 30 இறாத்தல் உள்ள டயருக்கு ஏறக்குறைய 57 மைல், அதாவது 91 கிலோமீற்றர். கவனியாமல் விட்டு 20 இறாத்தலுக்கு இறங்கிய டயருக்கு 75 கிலோமீற்றரே!

கண்டி நகருக்குள் அவ்வேகத்தை யாரும் எட்டமாட்டார். ஆனால் 2022 ஜனவரியில் மத்திய அதிவேக வீதியின் மீரிகம–குருணாகல் பகுதி திறக்கப்பட்டபின், கண்டிக் குடும்பங்கள் பல கலகெதர வழியாகக் குருணாகலுக்கு இறங்கி அவ்வீதியாற் கொழும்பு செல்கின்றன. மலையிலே 40இல் ஊர்ந்து வந்த அதே தேய்ந்த டயர், அங்கே மழைக்குள் 100 கிலோமீற்றர் வேகத்தைச் சந்திக்கின்றது. மிதக்கத் தொடங்கிய காரில் திசைச்சில்லும் பிறேக்கும் பயன் தாரா. நல்ல தவாளிப்பும் சரியான காற்றும் இருந்தாலும் மழையில் வேகத்தைக் குறைப்பதே வழி.

நான்கு டயரும் ஒருமிக்க வாங்க இயலாத குடும்பங்களே அதிகம். இரண்டு வாங்கினால் அவற்றை எங்கே பூட்டுவது? "முன்சில்லுதான் காரை இழுக்கிறது, முன்னுக்குப் போடுங்கள்" என்று கராஜிற் கூறுவர். நம் மனமும் ஒப்பும். ஆனால் டயர் செய்வோரின் அறிவுரை இதற்கு நேர்மாறானது: நல்லவை இரண்டும் பின்னுக்கே பூட்டப்பட வேண்டும். காரணம் எளிது. ஈரமான வளைவிலே முன்சில்லு வழுக்கினால் கார் நேரே போக முற்படும். காலை எடுத்து வேகத்தைக் குறைத்தால் சாதாரண சாரதியும் சமாளித்துவிடுவார். பின்சில்லு வழுக்கினாலோ வண்டி பம்பரம்போற் சுழன்றுவிடும். அதனைத் திருப்பிப் பிடிப்பது பயிற்சி பெற்ற பந்தயக்காரருக்கும் எளிதன்று. கடுகண்ணாவை வளைவில் சுழல்வதற்கு இடமும் இல்லை. ஆயினும் முன்னே இருக்கும் பழையவை மொட்டையாயிருப்பின் இவ்விதி உதவாது. அந்நிலையில் அந்தப் பயணத்தையே பஸ்ஸிலோ புகையிரதத்திலோ வைத்துக்கொள்க.

தோட்டப்புறங்களில் வாழ்வோர் நிலை வேறு. தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடத்தில், சாதாரண டயரின் தவாளிப்பைச் சேறு அடைத்துவிடும். 'எம்', 'எஸ்' என்னும் இரண்டு எழுத்துக்கள் பொறித்த டயரை அவர்கள் நாடலாம். சேறும் பனியும் என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். அதிற் பாதி நமக்கும் உரியதே. ஆனால் இது செய்தவர் தாமே இட்டுக்கொள்ளும் குறி. மலையும் பனிப்பூவும் வரைந்த முத்திரைபோல் சோதனையில் தேறிப் பெற்றதன்று. நாள்தோறும் தார் வீதியிலேயே ஓடும் காருக்கு இவ்வகை வேண்டாம்.

எந்த டயரும் எதிர்நின்று வெல்ல முடியாத மழையும் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலைகள் சரிந்து வீதிகள் அற்றுப்போனதையும், கண்டி மாவட்டத்தில் உயிர்கள் பல மாய்ந்ததையும் நாம் மறக்கவில்லை. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் காரை வெளியே எடாதிருப்பதே செய்யத்தக்கது.

ஐந்தாவது சில்லைப் பற்றியும் ஒரு சொல். பழைய கார்களில் பின்பெட்டியின் அடியில் உறங்கும் மாற்றுச் சில்லுக்குக் காற்று உண்டா, அது எந்த ஆண்டுச் சரக்கு என்று பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. அண்மைக்கால யப்பானியக் கார்கள் பலவற்றில் அச்சில்லே இல்லை. அதன் இடத்தில் துளையை அடைக்கும் பசைத்திரவக் குப்பியும் மின்சாரக் காற்றுப் பம்பும் வைத்திருப்பர். ஹுன்னஸ்கிரிய தாண்டிய பின்னரோ புசல்லாவைக்கும் இறம்பொடைக்கும் இடையிலோ இரவு மழையில் டயர் துளைபட்டபோது, பின்பெட்டியைத் திறந்து இதனை முதன்முறையாகக் கண்டு திகைத்தோர் உளர். அக்குப்பிக்கும் காலாவதித் திகதி உண்டு. அது யப்பானிய மொழியிலே அச்சிட்டிருக்கும். காரை வாங்கும் நாளிலேயே அத்திகதி யாது என்பதை விற்பவரிடம் கேட்டு, தமிழில் ஒரு சீட்டு எழுதிக் குப்பியின்மேல் ஒட்டி வைத்துவிடலாம்.